மேசைமீது கிடக்கும் கைப்பேசி

செம்பனைத் தோட்டமாக நாம் அறிந்திருந்த பினாங்கின் பத்து காவானில் இன்று, மைக்ரான் முதலிய நிறுவனங்களின் ஆலைகளில், உலகெங்கும் உள்ள கணினிகளின் ஞாபகத்துக்கு ஆதாரமான சில்லுகள் பொருத்திச் சோதிக்கப்பட்டு வெளியேறுகின்றன. அத்தொழிலாளர்கள் எத்துணைச் சிரத்தையுடன் உழைக்கிறார்கள் என்பதை அறிந்தவன் ஆதலால், பணி முடிந்து, 2014இல் திறக்கப்பட்ட இரண்டாம் பினாங்குப் பாலத்தின் வழியே பேருந்தில் திரும்பும் அவர்களது பெருவிரல்கள், கைப்பேசித் திரையில் ஒரு முகம் தோன்றிச் சிரித்து முடிக்குமுன்னே அடுத்த காட்சியை இழுத்துக்கொண்டிருப்பதைக் காணும்போது என் மனம் வேதனையுறுகிறது. இருபுறமும் விரிந்த கடலை ஏறெடுத்துப் பார்ப்பாரில்லை.

இக்கருவிகள் நம் நினைவையும் கவனத்தையும் என்ன செய்கின்றன என்று ஆராய்ந்தோர் உண்டு. ஒரு செய்தி கணினியில் சேமிக்கப்பட்டிருக்கிறது என்ற நம்பிக்கை வந்துவிட்டால் மனிதர் அச்செய்தியை மனத்தில் இருத்த முயல்வதில்லை என்று பெட்ஸி ஸ்பாரோ குழுவினர் 2011இல் வெளியிட்ட ஆய்வு கூறிற்று. ஒலியடக்கி மேசைமீது கவிழ்த்து வைத்த கைப்பேசிகூட, அதை எடுக்காமல் இருப்பதற்கே புத்தியின் ஒரு பங்கைச் செலவிடச் செய்கிறது என்றும், அதை வேறு அறையில் வைத்தவர்களே சோதனைகளில் மேம்பட்டனர் என்றும் 2017இல் ஏட்ரியன் வார்டு குழுவினர் எழுதினர். பின்வந்த ஆய்வுகள் யாவும் இதனை ஆமோதிக்கவில்லை எனினும், என் அனுபவம் அதன் பக்கமே சாய்கிறது.

படிக்கும் பிள்ளைகள் உள்ள வீட்டாரே, அவர்கள் புத்தகம் விரிக்கும் வேளையிலாவது, உங்களுடையதையும் சேர்த்து, கைப்பேசிகளை அடுத்த அறையில் வைத்துவிடுங்கள்.