நெருப்பின் பங்கு

கொழும்பிலிருந்து கண்டிக்குச் செல்லும் வீதி கடுகண்ணாவைக் கணவாயில் ஏறி, டோசனின் நினைவாக 1832ஆம் ஆண்டில் எழுப்பப்பெற்ற கோபுரத்தைக் கடந்து பிலிமத்தலாவையை நெருங்குகையில், பித்தளைக் கடைகள் தென்படத் தொடங்கும். அக்கடைகளுக்கு விளக்குகளை வார்த்தளிக்கும் உலைகள் அயற் கிராமங்களில் உள்ளன. அவ்வுலைகளுக்குப் பழைய குடமும் உடைந்த குத்துவிளக்கும் மூலப்பொருளாகச் செல்வதுண்டு.

ஒருவர் தம் தாயார் விட்டுச்சென்ற பத்துக் கிலோப் பாத்திரங்களைக் கொடுத்து ஒரு விளக்கு வார்க்கச் சொல்கிறார் எனக் கொள்க. கூலி வாய்மொழியாகவே பேசப்படுகிறது. விளக்கு ஒன்பது கிலோவுக்கும் குறைவாக வந்து சேர்ந்தால் பேச்சு முறிகிறது. கொடுத்தவர் களவு என்பார். வார்த்தவர் நெருப்புத் தின்றது என்பார்.

இருவரும் மெய்யே பேசியிருக்கலாம் என்பதே இவ்வழக்கின் சிக்கல். பித்தளையிலுள்ள துத்தநாகம் 907 பாகை செல்சியசிலேயே கொதிப்பது. உருகும் பித்தளையிலிருந்து அது வெண்புகையாய் வெளியேறிவிடும். பாத்திரத்தின் அழுக்கும், உட்பூச்சான வெள்ளீயமும், இரும்புப் பிடியுங்கூட முதல் நிறுவையிற் பித்தளையாகவே கணக்கிடப்பட்டிருக்கும். வாய்க்காலில் உறைந்த துண்டும் அராவிய பொடியும் கசடும் எவருக்குரியன என்பதை எவரும் பேசியிருக்கமாட்டார்.

இச்சச்சரவு மிகப் பழையது. யாக்ஞவல்கிய ஸ்மிருதி, நெருப்பிலிட்ட நூறு பலத்தில் வெள்ளிக்கு இரண்டும், செம்புக்கு ஐந்தும், வெள்ளீயம் காரீயம் ஆகியவற்றுக்கு எட்டும், இரும்புக்குப் பத்தும் குறைவென வகுத்துள்ளது. பொன்னுக்குக் குறைவே இல்லை. (நம் பொற்கடைகளின் சேதாரக் கணக்கை அந்நூலார் கண்டிருந்தால் என்ன சொல்லியிருப்பாரோ!)

வெள்ளீயத் தாது வணிகத்தில் இதே பிணக்கு பேருருவம் கொள்கிறது. கசிற்றரைற்று முற்றிலும் தூயதாயின் நூற்றுக்கு 78.8 பங்கு வெள்ளீயம் தரும். சுரங்கத்தார் விற்கும் தாது அவ்வாறு தூயதன்று. எனவே ஈரத்தை உலர்த்தி நீக்கிய நிறை பார்க்கப்படும். மாதிரியை இரு தரப்பாரும் தனித்தனியே பகுத்தாய்வர். முடிவுகள் மிக விலகினால், முத்திரையிட்டு வைத்த மற்றொரு மாதிரி நடுவரிடம் செல்லும். உலை இழப்புக்கென ஒரு பங்கு முன்னரே கழிக்கப்படும். அதற்குக் குறைவாக இழக்கும் உருக்காலைக்கு எஞ்சுவது இலாபம். தென்கிழக்காசிய உலைகள் கழித்த கசடு, அதிலிருந்த தந்தாலத்துக்காகப் பின்னாளில் விலைபெற்றது. தாதை விற்றவர் அக்கசட்டின் விலையைக் கணக்கிட்டிருக்க நியாயமில்லை.

கிராமத்து வார்ப்பாளரிடம் பகுப்பாய்வுகூடம் இல்லை; தராசு உண்டு. பாத்திரங்களைத் துலக்கி, இரும்பை அகற்றிக் கொடுத்தவர் முன்னிலையில் நிறுத்து, வார்த்தபின் விளக்கோடு துண்டையும் பொடியையும் கசடையும் நிறுத்தால், புகையாய்ப் போனது எவ்வளவு என்பது ஏறக்குறையப் புலப்படும். அதற்கு அரைநாட் பொறுமை வேண்டும். அந்த அரைநாட் கூலியை யார் தருவது என்பதையும் முதலிலேயே பேசிக்கொள்ள வேண்டும்.

நிறை சரியாக வந்த பின்னரும் கொடுத்தவர் விளக்கைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். பல வீட்டுப் பித்தளையும் ஒரே மூசையில் உருகும் இடத்தில், இது தம் தாயாரின் குடந்தானா என்று அவர் கேட்க விரும்புவார். வார்ப்பாளரின் தராசு அதற்கு விடை தராது.