பெயர் சொல்லாமல் போனவர்

பன்னிரண்டாம் வகுப்புக் கணினி அறிவியலில் இப்போது பைத்தான் மொழி இருக்கிறது. பேத்தி படிக்கையில் நானும் எட்டிப் பார்ப்பேன். (கணக்கு வாத்தியார், பழக்கம் விடவில்லை.)

அதை உருவாக்கியவர் நெதர்லாந்துக்காரர் கிடோ வான் ரோஸம். 1991-ல் வெளியிட்டார். 'ஆயுள்காலக் கருணைமிகு சர்வாதிகாரி' என்று விளையாட்டாகப் பட்டம். எந்த வாதத்திலும் கடைசிச் சொல் அவருடையதுதான்.

2018-ல் ஒரு சின்னக் குறியீடு, முக்காற்புள்ளியும் சமக்குறியும் சேர்ந்தது. அதைச் சேர்க்கலாமா என்று பெரும் சண்டை. அவர் முடிவே நின்றது. ஆனால் ஜெயித்த கையோடு, அலுத்துப்போய், ஜூலையில் பொறுப்பைத் துறந்தார். தோற்று விலகியவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன், இது புதுசு.

அடுத்தவர் யார் என்றும் அவர் சொல்லவில்லை. 'நீங்களே முடிவு செய்யுங்கள்' என்று விட்டுவிட்டார். தன்னார்வலர்கள் மாதக்கணக்கில் வாதாடினார்கள். ஏழு திட்டங்கள் ஓட்டுக்கு வந்தன, மறுபடி ஒற்றைத் தலைவர் என்பது உட்பட. ஐவர் குழு ஜெயித்தது. ஒரே நிறுவனத்தில் வேலை பார்ப்பவர்கள் அதில் இருவருக்கு மேல் கூடாது. மூன்றில் இரண்டு பங்கு ஓட்டு விழுந்தால் குழுவையே இறக்கலாம். அதிகாரத்தை முடிந்தவரை குறைவாகப் பயன்படுத்த வேண்டும் என்றும் எழுதியிருக்கிறார்கள். முதல் குழுவில் கிடோவும் ஒருவராக இருந்தார், அடுத்த தேர்தலில் ஒதுங்கிவிட்டார்.

நான் தொடங்கிய தெரு நூலகத்துக்கு ஞாயிறு பொதுக்குழு. 'அடுத்த தலைவரை நீங்களே சொல்லிடுங்க சார்' என்கிறார்கள். சொல்லப்போவதில்லை. ஒரே குடும்பத்தில் இருவருக்கு மேல் நிர்வாகத்தில் கூடாது என்று மட்டும் முன்மொழிவேன். அதற்கே சண்டை வரும்.