உத்தரவாதத்தின் விலை

பழைய கார் விற்கும் பெரிய கூடங்களில் ‘பழைய’ என்ற சொல் வழக்கொழிந்து பல ஆண்டுகள் ஆகின்றன. அங்கே நிற்பவை எல்லாம் ‘செர்டிஃபைட்’ கார்கள், சான்றிதழ் பெற்றவை. மாருதி நிறுவனம் தனது ‘ட்ரூ வேல்யூ’ கடைகளை 2001இல் தொடங்கியது. பின்னர் வேறு பல நிறுவனங்களும் தத்தம் பெயரில் இப்படியொரு கடையைத் திறந்தன. அதற்கு முன்பெல்லாம் பழைய கார் என்பது ஒரு தரகர், ஒரு மெக்கானிக், மைத்துனரின் நண்பர் ஒருவர் என்ற மூவர் வழியாகக் கைமாறும் பொருள். மூவரில் எவரை நம்புவது என்பதே வாங்குபவரின் கவலையாக இருந்தது. இன்று அந்த மூவரின் இடத்தில் குளிரூட்டப்பட்ட அறையும், இருநூறு சொச்சம் அம்சங்களைச் சோதித்ததாகச் சொல்லும் பட்டியலும், வாரண்டி என்ற உத்தரவாதமும் வந்து அமர்ந்திருக்கின்றன.

எனக்குக் கார்மீது மோகம் ஏதும் கிடையாது. விபத்தொன்றுக்குப் பின் இடது கணுக்காலில் தகடு வைத்திருக்கிறது. இருசக்கர வாகனம் கூடாது, க்ளட்சை மிதிப்பதும் கூடாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். வேலையிடம் வண்டலூர்–வாலாஜாபாத் சாலையில், ஒரகடத்துக்குச் சற்று முன்னால். ஷிப்டு முடியும் நேரத்துக்கும் பேருந்துக்கும் பொருத்தம் இல்லை. ஆட்டோவில் போய்வந்த ஒரு மாதத்தில் சம்பளத்தில் கால்பங்கு கரைந்தது. ஆகவே க்ளட்ச் மிதி இல்லாத, என் கைக்கு எட்டும் விலையிலான கார். அதாவது ஏ.எம்.டி. வகை. இந்தியச் சாலைகளில் 2014இல் மாருதியின் செலேரியோ மூலம் பரவலான ஏற்பாடு அது. சாதாரண கியர்ப்பெட்டியும் க்ளட்சும் அப்படியே இருக்கும். அவற்றை இயக்கும் வேலையை மட்டும் நம் கைகால்களிடமிருந்து வாங்கி ‘ஆக்சுவேட்டர்’ என்ற கருவியிடம் ஒப்படைத்திருப்பார்கள். நல்ல ஏற்பாடுதான். ஆனால் அந்தக் கருவி பழுதானால் வண்டி நின்றுவிடும்; கைச்செலவில் முடிகிற பழுதும் அல்ல.

பார்த்துவைத்த வண்டிக்கு நான்கு வயது. விலை 4,70,000 ரூபாய். அந்த விலைக்குள்ளேயே ஓராண்டு உத்தரவாதம் அடக்கம்; எஞ்சினுக்கும் கியர்ப்பெட்டிக்கும் மட்டும். இரண்டாம் ஆண்டும் வேண்டுமென்றால் தனியாக 14,500 ரூபாய். “எல்லாரும் போட்டுக்கறாங்க சார், நிம்மதி இல்லையா?” என்றார் விற்பனையாளர். நிம்மதிக்கு விலை சொல்லப்படும்போது அதைக் கணக்குப் பார்க்காமல் இருக்க முடிவதில்லை.

பழைய கார்ச் சந்தையைப் பற்றிப் பொருளியலில் புகழ்பெற்ற கட்டுரை ஒன்று உண்டு. ஜார்ஜ் ஏகர்லாஃப் எழுதி 1970இல் வெளிவந்தது. மூன்று ஆய்விதழ்கள் அதைத் திருப்பி அனுப்பின. பிற்பாடு 2001இல் நோபல் பரிசு அவரை வந்தடைந்தது. (நம் ஊரில் சான்றிதழ் பெற்ற பழைய கார்கள் அறிமுகமான அதே ஆண்டு என்பது வெறும் தற்செயல், ஆனாலும் ரசிக்கத்தக்கது.) அமெரிக்கப் பேச்சுவழக்கில் தேறாத காரை ‘எலுமிச்சை’ என்பார்கள். விற்பவனுக்குத் தன் வண்டி எலுமிச்சையா இல்லையா என்று தெரியும், வாங்குபவனுக்குத் தெரியாது. தெரியாததால் வாங்குபவன் எல்லா வண்டிக்கும் சராசரி விலையே தரத் துணிவான். அந்த விலைக்கு நல்ல வண்டி வைத்திருப்பவன் விற்க மாட்டான். நல்லவை விலக விலகச் சந்தையில் எலுமிச்சைகளே மிஞ்சும். இவ்வளவுதான் கட்டுரையின் சாரம். ஏகர்லாஃப் 1967–68இல் டில்லியில் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தில் இருந்தவர். அதனால்தானோ என்னவோ, கட்டுரைக்குள் நம் ஊர் வட்டிக்கடைக்காரர்களும் வருகிறார்கள், கடைத்தெரு அரிசியில் கலந்துவைத்த கல்லைப் பொறுக்கும் பெண்களும் வருகிறார்கள்.

இந்த நோய்க்கு அவரே சொல்லும் மருந்துகளில் ஒன்று உத்தரவாதம். பழுது வந்தால் செலவு என்னுடையது என்று விற்பவன் சொல்லும்போது, தெரியாமையின் சுமை தெரிந்தவன் தோளுக்கு மாறுகிறது. தேறாத வண்டிக்கு அப்படிச் சொன்னால் அவனுக்கே நட்டம். ஆகவே அப்படிச் சொல்வதே வண்டியைப் பற்றிய ஒரு சாட்சியம் ஆகிறது.

எங்கள் தாத்தா மணப்பாறைச் சந்தையில் மாடு பிடிப்பவர். பொருளியல் அறியார், ஆனால் இந்தச் சிக்கல் அவருக்கு அத்துப்படி. வயதுக்குப் பல்லைப் பார்ப்பார், குணத்துக்குச் சுழியைப் பார்ப்பார். கறவை மாடென்றால் இவை எதுவும் போதாது. சந்தைக்கு ஓட்டிவருகிறவன் முந்தைய இரண்டு வேளை கறக்காமல் விட்டு மடியை வீங்கவைத்திருப்பான் என்பது எல்லாருக்கும் தெரிந்த தந்திரம். எனவே விற்பவன் வீட்டுக்கே போய், மாலை ஒரு வேளை, மறுநாள் காலை ஒரு வேளை, இரண்டு கறவையையும் கண்ணால் பார்த்த பிறகே பணத்தை எடுப்பார். துண்டுக்கடியில் விரல் பிடித்துப் பேசி முடித்த விலையாக இருந்தாலும் இதில் விலக்கு இல்லை. இரு வேளைக் கறவைக்குச் சம்மதிக்காதவனின் மாட்டைப் பற்றி அவர் அதற்குமேல் ஒரு கேள்வியும் கேட்டதில்லை.

விற்பனையாளரிடம் நான் கேட்டது உத்தரவாதக் கையேட்டை. பணம் கட்டிய பின் மின்னஞ்சலில் வரும் என்றார். பணம் கட்டுவதா வேண்டாமா என்று முடிவு செய்யத்தான் கேட்கிறேன் என்பதை அவருக்குப் புரியவைக்க இரண்டு நாள் ஆயிற்று. மூன்றாம் நாள் மேலாளர் எங்கிருந்தோ ஒரு பிரதி எடுத்துவந்தார். பதினொரு பக்கம். உள்ளடங்குபவை ஒரு பக்கம். உள்ளடங்காதவை மூன்றரைப் பக்கம்.

டயர், பேட்டரி, பிரேக் பேட், பல்பு, வைப்பர், ரப்பர் புஷ், ஷாக் அப்சார்பர் எதுவும் சேராது. இதில் அநியாயம் ஏதுமில்லை. தேய்வதற்கென்றே செய்யப்பட்ட பொருளுக்கு எவரும் பொறுப்பேற்க முடியாது. ஆனால் அந்தப் பட்டியலில் க்ளட்ச் தட்டும் இருந்தது. ஏ.எம்.டி. வண்டியில், அதிலும் நகர நெரிசலில் ஓடியதில், முதலில் தேய்வது அதுதான். அடுத்ததாக, வெள்ளநீர் புகுந்ததால் வரும் பழுது. 2015 டிசம்பரையும் 2023 டிசம்பரின் மிக்ஜாம் புயலையும் பார்த்த சென்னையில் இது சின்ன விலக்கு அல்ல. நீரில் மூழ்கி, காப்பீட்டு நிறுவனம் முழு இழப்பென்று கணக்குத் தீர்த்த வண்டிகள் ஏலத்துக்குப் போகின்றன. சில உதிரிக்காக உடைபடுகின்றன. சில கழுவித் துடைக்கப்பட்டுச் சந்தைக்குத் திரும்புகின்றன. ஒயர் முனைகளில் மெல்லத் துருவேறி ஓராண்டு கழித்துப் பழுது தலைகாட்டினால், அது நீரால் வந்தது, ஆகவே சேராது.

என்னை அதிகம் யோசிக்கவைத்தது ஏழாம் பக்கத்தின் ஒற்றை வரி. வண்டி வாங்கும்போதே இருந்த குறைகள் உத்தரவாதத்தில் அடங்கா. அப்படியானால் இருநூறு அம்சச் சோதனை எதற்காக நடந்தது? புதிய காருக்கு இந்த வரி பொருந்தும்போலத் தெரியலாம். பழைய கார் வாங்குகிறவனுடைய அச்சமோ முழுக்க முழுக்க ‘வாங்கும்போதே இருந்த’ ஒன்றைப் பற்றியது. அதை வெளியே வைத்துவிட்டு மீதிக்குத் தருவது வேறு ஏதோ ஒரு பொருள். அதற்கும் உத்தரவாதம் என்றே பெயர்.

மற்ற நிபந்தனைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பழுது வந்தால் முதலில் அனுமதி பெற வேண்டும். அவர்கள் காட்டும் ஒர்க்‌ஷாப்பில்தான் திறக்க வேண்டும். திறந்து பார்த்து, இது சேராத பழுது என்று தெரிந்தால், திறந்த கூலி நம்முடையது. ஒரு சர்வீஸ் தவறினாலும் ஒப்பந்தம் முடிந்தது. வண்டி நிற்கும் நாட்களில் நாம் படும் செலவுக்கு ஈடு கிடையாது. இந்தக் கடைசி வரியில்தான் என் பிழைப்பு இருக்கிறது. கியர்ப்பெட்டியை இலவசமாகவே சரிசெய்து தந்தாலும், அனுமதிக்கும் உதிரிக்குமாக இரண்டு வாரம் போனால் ஆட்டோக்காரருக்கு நான்தான் கொடுக்க வேண்டும்.

அமெரிக்காவில் பழைய கார் விற்கும் கடைக்காரர் வண்டியின் கண்ணாடியில் ஓர் அறிவிப்பை ஒட்ட வேண்டும் என்று 1985 முதல் விதி உண்டு. உத்தரவாதம் இருக்கிறதா, எவ்வளவு, அல்லது ‘இருக்கும் நிலையிலேயே’ விற்பனையா என்பதை அதில் சொல்லியாக வேண்டும். வாங்குபவர் கேட்காமலே கிடைக்கும் அறிவு அது. இங்கே மூன்று நாள் கேட்டபின் கிடைத்தது. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நியாயமற்ற ஒப்பந்தம் என்ற ஒன்றை அங்கீகரிக்கத்தான் செய்கிறது. ஆனால் 14,500 ரூபாய்க்காக ஆணையத்தின் படியேற யாருக்கு விடுப்பு இருக்கிறது?

பன்னிரண்டு ஆண்டுகளாக எங்கள் தெருவின் வண்டிகளைப் பார்க்கும் மெக்கானிக்கிடம் ஆக்சுவேட்டரின் விலையைக் கேட்டேன். கூலியோடு நாற்பதாயிரம் வைத்துக்கொள்ளுங்கள் என்றார். எனில், இரண்டாம் ஆண்டுக்குள் அது பழுதாவதற்கு மூன்றில் ஒரு பங்குக்குமேல் வாய்ப்பிருந்தால்தான் 14,500 ரூபாய் ஈடாகும். அவ்வளவு வாய்ப்பிருக்கும் வண்டியை உத்தரவாதத்தோடும் வாங்கக் கூடாது. காப்பீடு என்பது நட்டக் கணக்காக இருந்தாலும் வாங்கத்தக்கதே என்ற வாதம் எனக்குத் தெரியும். வீடு எரிந்தால் மீள முடியாதவன் தீக்காப்பீடு எடுக்கத்தான் வேண்டும். காருக்குக் கொடுத்தபின் என் கையில் எண்பதாயிரம் மிஞ்சும். நாற்பதாயிரம் போனால் வலிக்கும், விழுந்துவிட மாட்டேன். ஐயாயிரம் மட்டும் மிஞ்சுகிறவர் வேறு முடிவு எடுத்தால் அது சரியான முடிவாகவே இருக்கும்.

இன்னொன்றும் இருந்தது. முதல் ஆண்டு உத்தரவாதத்தைத் தருவது வண்டியைச் சோதித்து விற்கும் கடையே. இரண்டாம் ஆண்டுக்கான ஒப்பந்தத்தை எழுதுவதோ வேறொரு நிறுவனம். வண்டியை அது பார்த்ததுகூட இல்லை. ஏகர்லாஃபின் சாட்சியம் முன்னதற்கே பொருந்தும். தெரிந்தவன் தன் பணத்தை வைத்துப் பேசுகிறான். பின்னதில் தெரியாத ஒருவன் இன்னொரு தெரியாதவனிடம் பந்தயம் கட்டுகிறான். நடுவில் கடைக்குத் தரகு.

ஆகவே தாத்தாவின் வழியில் இறங்கினேன். ஒரு நாள் மாலை, வெயிலில் ஓடிச் சூடான நிலையில் ஒரு தடவை. மறுநாள் காலை, நாங்கள் வருவதற்குமுன் யாரும் ஸ்டார்ட் செய்யக் கூடாது என்று சொல்லிவைத்து ஒரு தடவை. (போனதும் மெக்கானிக் பானட்டின்மேல் கைவைத்துப் பார்த்தார், குளிர்ந்துதான் இருந்தது.) சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துச் சேற்றுக் கோடு இருக்கிறதா என்று பார்த்தார், கம்பளத்தைத் தூக்கினார், ஸ்டெப்னி கிடக்கும் குழியை விரலால் தடவினார். ஓடிய தூரத்தை சர்வீஸ் பதிவுகளோடு ஒப்பிட்டுவிட்டு, ஸ்கேனரைச் செருகி க்ளட்சின் தேய்மானத்தைப் படித்தார். பாதிக்குமேல் தேய்ந்திருந்தது. முன் வலது சக்கரத்தில் பேரிங் சத்தம். பேட்டரிக்கு ஆயுள் கொஞ்சம்தான். இருநூறு அம்சப் பட்டியலில் இந்த மூன்றுக்கும் நேரே ‘சரி’ என்று குறி இருந்தது. அவருக்கு 2,000 ரூபாய் கொடுத்தேன், வாங்கத் தயங்கினார்.

பேட்டரியும் பேரிங்கும் கடையின் செலவில் மாறின. க்ளட்சுக்காக விலையில் 9,000 ரூபாய் குறைந்தது. முதல் ஆண்டு உத்தரவாதத்தில் ஆக்சுவேட்டர் சேருமா என்று கேட்டதற்கு, “அதெல்லாம் வரும் சார்” என்றார் விற்பனையாளர். எழுதித் தரச் சொன்னதும் மேலாளரைப் பார்த்தார். மேலாளர் யாரையோ தொலைபேசியில் அழைத்து நெடுநேரம் பேசினார். அன்று மாலை கடையின் தாளில் முத்திரையோடு ஒரு கடிதம் வந்தது. ஆக்சுவேட்டர் கியர்ப்பெட்டியின் பகுதியாகக் கொள்ளப்படும். அதில் வரும் பழுது வாங்கும்போதே இருந்த குறையாகக் கருதப்பட மாட்டாது. அதை வைத்துக்கொண்டு கையெழுத்திட்டேன்.

இரண்டாம் ஆண்டு உத்தரவாதத்தை வாங்கவில்லை. அந்தச் சலுகைக்கு இன்றே கடைசி நாள் என்றார் விற்பனையாளர். முதல் ஆண்டு முடிவதற்குள் எப்போது வேண்டுமானாலும் வாங்கிக்கொள்ளலாம் என்று கையேட்டின் ஒன்பதாம் பக்கத்தில் இருந்தது. பக்கத்தைத் திருப்பிக் காட்டினேன். அவர் உண்மையிலேயே ஆர்வத்தோடு அதைப் படித்தார்.