மூன்றாவது பத்தி

அப்பாவின் ஈரலில் மூன்று சென்டிமீட்டரில் ஒரு கட்டி என்று தெரிந்த வாரம், ஒரு கவிதைத் தொகுப்புக்கு மதிப்புரை எழுதிக்கொண்டிருந்தேன். அது அப்படியே நின்றது. மேட்டுப்பாளையம் உருளைக்கிழங்கு மண்டியில் முப்பது வருஷம் கணக்கெழுதியவர் அப்பா. "எது எதுல என்ன நல்லது, என்ன கெட்டது, ரண்டு பத்தியா எழுதிக் குடு கண்ணு" என்றார்.

ஈரல் ஏற்கனவே சுருங்கியிருந்ததால் அறுவை இல்லை. மாற்று ஈரல் பேச்சை அவர் காதிலேயே வாங்கவில்லை. கட்டி பெரிய ரத்தக் குழாயை ஒட்டியிருந்தது; ஊசி செருகிச் சுட்டால் ஓடும் ரத்தம் சூட்டை இழுத்துக்கொண்டு போய்விடும். மிச்சம் கதிர்வீச்சு. எங்கள் பக்கம் 'கரண்டு வைக்கிறது' என்பார்கள். இதைவிட நேரான சொல் எனக்கு அகப்படவில்லை.

அதிலும் மூன்று. பல திசைகளிலிருந்து எக்ஸ் கதிர்களைக் கட்டியின்மேல் குவிப்பது ஒன்று. கோயம்புத்தூரிலேயே ஐந்து தவணை. இரண்டாவது புரோட்டான், 2019இல் சென்னையில் அப்போலோ தொடங்கியதுதான் தெற்காசியாவில் முதல். எக்ஸ் கதிர் கட்டியைத் தாண்டியும் உடம்பைத் துளைத்துப் போகும். புரோட்டான் குறித்த ஆழத்தில் சக்தியைக் கொட்டிவிட்டு நின்றுவிடும். இது வைத்தியத்துக்கு உதவும் என்று ராபர்ட் வில்சன் 1946இலேயே எழுதிவிட்டார். மூன்றாவது, இட்ரியம்-90 ஏற்றிய நுண்மணிகளை ஈரல் தமனிக்குள் விடுவது. நல்ல ஈரல் பெரும்பங்கு ரத்தத்தைப் போர்ட்டல் சிரையிலிருந்து வாங்குகிறது. கட்டியோ தமனியை உறிஞ்சி வளர்கிறது. அதன் பேராசையே விஷத்தை அதனிடம் கொண்டு சேர்க்கிறது. 64 மணி நேரத்தில் வீரியம் பாதியாகிவிடும்.

க.நா.சு. பட்டியல் போட்டார், சி.சு. செல்லப்பா அலசச் சொன்னார். இத்தனை நாள் நான் க.நா.சு. கட்சி. எது உசத்தி என்று சொல்ல ரசனை போதும் என்ற திமிர். இங்கே அது செல்லவில்லை. கொரியாவில் 144 பேரைக் குலுக்கிப் பிரித்துச் செய்த ஆய்வு 2021இல் வந்தது: மீண்டும் தலைகாட்டிய சிறு கட்டிகளில் புரோட்டான், சுடுவதற்குக் குறைந்ததல்ல. ஆனால் சுடுவதுதான் எங்களுக்கு இல்லையே. எக்ஸ் கதிரையும் புரோட்டானையும் எதிரெதிரே வைத்த கட்டுரைகளில் பல, பழைய கேஸ் தாள்களைப் புரட்டியவை. இன்னாருக்கு இன்னது என்று முன்பே யாரோ தீர்மானித்தபின் எண்ணியவை. அங்கே ஜெயித்தது கதிரா, ஆளா என்று பிரிப்பது சிரமம். தவிர, ஈரல் மூச்சோடு ஏறி இறங்குவது. நின்ற இடத்தில் நிற்கிற கூர்மை, அசைகிற இலக்கில் அதே அளவு ஆபத்து.

இதையெல்லாம் இரண்டு பத்தியாக எழுதிக் கொடுத்தேன். மறுநாள் தாளைத் திருப்பித் தந்தார். பென்சிலில் மூன்றாவது பத்தி ஒன்று போட்டிருந்தார்: செலவு. புரோட்டானுக்கு நேரே பல மடங்குத் தொகை. அதை நான்தான் விட்டிருந்தேன், வேண்டுமென்றே. வங்கியில் உட்கார்ந்து அடுத்தவர் நகைக்கடனுக்கு வட்டி போடுகிறவன்.

"கோயம்புத்தூரே போதும் கண்ணு."

டாக்டரும், ஈரல் இன்னும் மோசமாக இருந்தால் சென்னைக்கு அனுப்பியிருப்பேன், இப்போதைக்கு இதுவே சரி என்றார். எனக்கு அது ஆறுதல்தான். ஆனால் அப்பா முதல் இரண்டு பத்திகளைப் படித்தாரா என்று இன்றுவரை தெரியாது. கேட்கவும் துணிவில்லை.

கடைசித் தவணை முடிந்து காரமடை தாண்டும்போது பஸ்ஸில் சொன்னார்: "மூச்சப் புடிக்கச் சொல்லுவாங்க. நான் எண்ணிக்கிட்டே இருப்பேன். இருபது வரைக்கும் வருது."

அடுத்த ஸ்கேன் ஆடியில்.