பழைய வரைபடம்



2022-ஆம் ஆண்டின் இறுதியில், திருச்சியையும் ஸ்ரீரங்கத்தையும் இணைக்கும் காவிரிப் பாலம் பழுதுபார்ப்புக்காக மூடப்பட்டிருந்தது உங்களுக்கு நினைவிருக்கும். அந்நாட்களில் ஒரு மாலை, ஸ்ரீரங்கத்திலிருந்து நம் சபையின் சகோதரி ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். "ஐயா, அம்மாவுக்கு மூச்சு வாங்குகிறது. ஜெபிக்க உங்களைக் கேட்கிறார்கள்" என்றார். உடனே காரை எடுத்தேன். பழக்கம் என்னைச் சத்திரம் பேருந்து நிலையம் வழியாகச் சிந்தாமணிக்கு இழுத்துச் சென்றது. தடுப்புகளின் முன் நின்றபோதுதான் பாலம் மூடியிருப்பது நினைவுக்கு வந்தது. சபையில் அதை அறிவித்தவனே நான்தான். வண்டியைத் திருப்பி, சென்னை நெடுஞ்சாலைப் பாலம் வழியாகச் சுற்றிச் சென்று சேர்ந்தபோது, அந்தத் தாயார் கர்த்தருக்குள் நித்திரையடைந்திருந்தார். "சாலையில் நெரிசல், அம்மா" என்று மகளிடம் சொன்னேன். அது பாதி உண்மை.

அடுத்த ஆண்டு, ரோபோக்களுக்கு மென்பொருள் எழுதும் நம் சபை வாலிபர் ஒருவரிடம், "இயந்திரம் எப்படித் தம்பி வழி கண்டுபிடிக்கிறது?" என்று கேட்டேன். 1968-இல் பீட்டர் ஹார்ட், நில்ஸ் நில்சன், பெர்ட்ராம் ரஃபேல் என்னும் மூவர் வெளியிட்ட 'ஏ-ஸ்டார்' என்ற முறையை அவர் விளக்கினார். ஒவ்வொரு திருப்பத்திலும் அது இரண்டு தூரங்களைக் கூட்டுகிறது: இதுவரை கடந்தது ஒன்று, இலக்குக்கு இன்னும் மீதியிருப்பதாக மதிப்பிடுவது மற்றொன்று. கூட்டுத்தொகை குறைந்த வழியையே முதலில் ஆராய்கிறது. காவிரிக் கரையில் நின்று, ராஜகோபுரம் நேர்க்கோட்டில் எவ்வளவு தொலைவு என்று மதிப்பிடுவதைப் போன்றது அது. நேர்க்கோடு எந்தச் சாலையைவிடவும் நீளமாகாது. ஆகவே குறுகிய வழி தப்பிப்போகாது.

"ஆனால் ஐயா, வரைபடம் பழையதாக இருந்தால், பிழையற்ற கணக்கும் மூடிய பாலத்துக்கே கொண்டுபோய் நிறுத்தும்" என்றார். என் கதை அவருக்குத் தெரியாது.

பின்பு அவர் சந்திரயான்-3 பற்றிச் சொன்னார். அத்திட்டத்தின் இயக்குநர் வீரமுத்துவேல், நம் திருச்சி தேசியத் தொழில்நுட்பக் கழகத்தில் முதுநிலை பயின்றவர். 2023 ஆகஸ்ட் 23 அன்று நிலவில் இறங்கிய லேண்டரிலிருந்து வெளிவந்த 'பிரக்யான்' ஊர்திக்கு முழுப் பாதையும் முன்கூட்டியே கொடுக்கப்படவில்லை. அதன் கேமரா எடுத்த படங்களைக் கொண்டு பூமியில் நிலப்பரப்பின் வரைபடம் தயாரிப்பார்கள். ஒருமுறைக்கு ஏறக்குறைய 5 மீட்டர் வரைதான் தெரியும். அவ்வளவுக்கு வழி வகுத்துக் கட்டளை அனுப்புவார்கள். மறுபடியும் படம், மறுபடியும் வரைபடம். ஆகஸ்ட் 27 அன்று, 3 மீட்டர் முன்னால் 4 மீட்டர் விட்டமுள்ள ஒரு பள்ளம் தென்பட்டது. வந்த தடத்திலேயே திரும்பும்படி கட்டளை போயிற்று. ஊர்தி திரும்பியது; புதிய பாதையில் நடந்தது. உறங்கவைக்கப்படும் முன் அது கடந்த தூரம் 100 மீட்டருக்குச் சற்று மேல்.

பிரியமானவர்களே, சங்கீதக்காரன் தன் கால்களுக்குத்தான் தீபத்தைக் கண்டான். தொலைவிலுள்ள ஊரைக் காட்டும் பேரொளியை அல்ல. ஆபிரகாமும் போகும் இடம் அறியாமலே புறப்பட்டான். முழுப் பாதையும் தெரியாதது நம் குறையல்ல. பழைய வரைபடத்தை விடாமல் பிடித்திருப்பதே நம் குறை. பாகப்பிரிவினைக்குப் பின் பேசாத அண்ணனைப் பற்றி நீங்கள் வைத்திருக்கும் படம் எந்த ஆண்டினது? பத்தாம் வகுப்பில் தவறிய மகனை இன்னும் அந்த மதிப்பெண்ணாலேயே அளக்கிறீர்களா?

நம் வேதாகமத் தமிழில் அதற்கு நல்ல சொல் உண்டு: மனந்திரும்புதல். திரும்புவது தோல்வியல்ல, பள்ளத்துக்கு 3 மீட்டர் முன்னால் அதுவே வழி.

அந்த வாரமே, திறந்துவிட்ட பாலத்தின் வழியாக ஸ்ரீரங்கம் சென்று, அந்தச் சகோதரியிடம் முழு உண்மையையும் சொன்னேன். அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "அம்மா கடைசியில், ஐயா பத்திரமாக வந்து சேர வேண்டும் என்றுதான் ஜெபித்தார்கள்" என்றார்.

நீங்கள் திரும்ப வேண்டிய இடத்தைக் கர்த்தர் இந்த வாரம் உங்களுக்குக் காண்பிப்பாராக. ஆமென்.