சாதிப் பெயர் இல்லாத கணக்கு

பேரிடர் மேலாண்மை என்றால் அது ரெவின்யூ ஆபீஸ் வேலை, நமக்கு அதில் என்ன இருக்கிறது என்று தம்பிகளும் தங்கைகளும் கேட்கிறார்கள். வன்கொடுமை வழக்கு இருக்கிறது, பஞ்சமி நிலம் இருக்கிறது, கல்வி உதவித்தொகை நிலுவை இருக்கிறது. இவ்வளவுக்கும் நடுவில் வெள்ளத் திட்டத்தை உட்கார்ந்து படிப்பது யார்? நியாயமான கேள்விதான். ஆனால் நான் கடற்கரை மாவட்டத்துக்காரன். 2004 டிசம்பர் 26-க்குப் பிறகு இந்தக் கேள்வியை என்னால் கேட்க முடியவில்லை.

அப்போது நான் பிளஸ் டூ. எங்கள் தெரு கடலிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி இருந்தது. அப்பா கரையில் மீன் கூடை சுமக்கப் போவார். அம்மா நடவுக்கும் களையெடுப்புக்கும் அறுப்புக்கும் போவார். அன்று அலை எங்கள் வீடுகளை எடுக்கவில்லை, எங்கள் கூலியை எடுத்தது. படகுகள் போனதால் கரையில் சுமக்கக் கூடை இல்லை. அறுப்புக்கு நின்ற வயலில் உப்புத் தண்ணீர் ஏறியதால் அம்மாவுக்கும் வேலை இல்லை.

கணக்கெடுக்க வந்தவர் மூன்று கேள்வி கேட்டார். "வீடு போச்சா? படகு போச்சா? சாவு உண்டா?" எங்கள் தெருப் பெரியவர், "இல்லைங்க ஐயா, பொழப்புதான் போச்சுங்க" என்றார். "அதுக்கு இதுல கட்டம் இல்லப்பா" என்று சொல்லிவிட்டு நோட்டை மூடினார் அவர். அவர் கெட்டவராகத் தெரியவில்லை, திட்டவும் இல்லை, சாதி பேசவும் இல்லை. நோட்டில் கட்டம் இல்லை, அவ்வளவுதான். ஆனால் அந்த மூன்று கட்டத்துக்குள் எங்கள் தெரு முழுக்க விழாமல் போனது.

இதைச் சொல்லும்போது ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். மீனவ மக்களுக்குப் போன நிவாரணம் அவர்களுக்குச் சேர வேண்டியது. நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் செத்தார்கள். அவர்களோடு நமக்குப் போட்டி இல்லை. நிவாரணத்தில் தலித் மக்கள் விடுபட்டார்கள், முகாம்களில் ஒதுக்கப்பட்டார்கள் என்பதை மனித உரிமை அமைப்புகள் அப்போதே பதிவு செய்தன. ஒரே ஒரு வேலைக்கு மட்டும் நம்மை யாரும் மறக்கவில்லை. பிணங்களை எடுக்கவும் இடிபாடுகளை வாரவும் வெளியூர்களிலிருந்து துப்புரவுத் தொழிலாளர்களைக் கூட்டி வந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் யார் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

அந்தக் கட்டம் யார் போட்டது, எங்கே போட்டது, எப்போது போட்டது? இந்தக் கேள்விதான் என்னைத் திட்ட ஆவணங்கள் பக்கம் தள்ளியது. நம் மாவட்டத் திட்டத்தைப் படித்தேன். பிறகு வேறு நாட்டில் இதே அடுக்கில் இருக்கும் அரசாங்கம் எப்படிச் செய்கிறது என்று பார்க்க, அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் உள்ள ஹாரிஸ் கவுன்டியை எடுத்துக்கொண்டேன். ஹூஸ்டன் நகரம் இருப்பது அங்கேதான். 2020 கணக்குப்படி சுமார் 47 லட்சம் மக்கள். கறுப்பின மக்களும் லத்தீன் மக்களும் பெருமளவில் வாழும் இடம். புயலும் வெள்ளமும் பழகிய இடம்.

கவுன்டி என்றால் நம்மூர் மாவட்டம் மாதிரி என்று பொதுவாகச் சொல்லலாம். ஆனால் பெரிய வித்தியாசம் ஒன்று உண்டு. அங்கே கலெக்டர் கிடையாது. கவுன்டியை ஆள்வது ஐந்து பேர் கொண்ட ஒரு மன்றம். நான்கு கமிஷனர்கள், ஒரு கவுன்டி ஜட்ஜ். பெயர்தான் ஜட்ஜ், ஹாரிஸ் போன்ற பெரிய கவுன்டியில் வேலை நிர்வாகம். ஐந்து பேரையும் மக்கள் ஓட்டுப் போட்டுத்தான் தேர்ந்தெடுக்கிறார்கள். பேரிடர் மேலாண்மையின் தலைமை அந்த ஜட்ஜ் கையில். பேரிடர் நிலையை அறிவிக்கும் அதிகாரம் அவருக்கு உண்டு. ஆனால் ஏழு நாளுக்கு மேல் அது நீடிக்க வேண்டுமானால் மன்றத்தின் ஒப்புதல் வேண்டும். அவசரத்துக்கு ஒருவர் முடிவெடுக்கலாம், அதையே சாக்காக வைத்து ஒருவரே ஆண்டுகொண்டிருக்க முடியாது.

அவருக்குக் கீழே இதற்கென்றே ஓர் அலுவலகம் ஆண்டு முழுக்க இயங்குகிறது. புயல் வந்தால் அவசரச் செயல்பாட்டு மையம் திறக்கப்படும். போலீஸ், தீயணைப்பு, சுகாதாரம், போக்குவரத்து, வெள்ளக் கட்டுப்பாடு எல்லாத் துறை ஆட்களும் ஒரே கூடத்தில் உட்காருவார்கள். யார் யாருக்குக் கட்டளை தருவது, யார் சாமான் வாங்குவது, யார் கணக்கு வைப்பது என்பதற்கு நாடு முழுக்க ஒரே அமைப்பு முறை இருக்கிறது. 1970-இல் கலிபோர்னியாவில் பெரிய காட்டுத் தீ ஏற்பட்டபோது, பல துறைகள் வந்து ஒருவரை ஒருவர் புரிந்துகொள்ள முடியாமல் திணறிய அனுபவத்தில் பிறந்த முறை அது.

எனக்குப் பிடித்த சின்ன விஷயம் இன்னொன்று. கார் இல்லாதவர், படுத்த படுக்கையாக இருப்பவர், மாற்றுத்திறனாளி, புயலுக்கு முன்பே 211 என்ற எண்ணுக்குப் போன் செய்து தன் பெயரை மாநிலப் பதிவேட்டில் சேர்த்துக்கொள்ளலாம். 2005-இல் கத்ரீனா புயலின்போது நியூ ஆர்லியன்ஸ் என்ன ஆனது என்று நினைத்துப் பாருங்கள். ஊரை விட்டு வெளியேறு என்று உத்தரவு போட்டார்கள், கார் இல்லாத ஏழைக் கறுப்பின மக்கள் தண்ணீரில் மாட்டிக்கொண்டார்கள். எல்லோரிடமும் கார் இருக்கும் என்று எண்ணிப் போட்ட திட்டம், இல்லாதவரைக் கைவிட்டது.

இதையெல்லாம் படித்தால் அங்கே எல்லாம் சரியாக இருக்கிறது என்று தோன்றும். அப்படி இல்லை தோழர்களே. நாம் கவனிக்க வேண்டிய கதையே இனிமேல்தான்.

2017 ஆகஸ்ட் கடைசியில் ஹார்வி புயல் அங்கே நான்கு நாள் கொட்டித் தீர்த்தது. கவுன்டியின் சில பகுதிகளில் ஒரு மீட்டருக்கு மேல் மழை. அடுத்த ஆண்டு, புயல் கரை கடந்த அதே ஆகஸ்ட் 25-ஆம் தேதி, வெள்ளத் தடுப்புக்காக 250 கோடி டாலர் கடன் திரட்டலாமா என்று மக்களிடமே ஓட்டு கேட்டார்கள். மக்கள் பெருவாரியாகச் சரி என்றார்கள். பணம் வந்தது. எந்தத் தெருவுக்கு முதலில் செலவழிப்பது?

வழக்கமான கணக்கு இதுதான்: ஒரு டாலர் செலவு செய்தால் எத்தனை டாலர் சொத்து காப்பாற்றப்படும்? கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் விலை உயர்ந்த வீடுகள் உள்ள பகுதியில் காப்பாற்றப்படும் சொத்து மதிப்பு அதிகம். ஏழைகளின் வீடு நூறு முழுகினாலும் கணக்கில் குறைவு. ஆக, பணக்கார வெள்ளையர் பகுதி முந்தும், கறுப்பின லத்தீன் பகுதி பின்னே நிற்கும். இனம் என்ற சொல் அந்தக் கணக்கில் எங்குமே இல்லை. பகுதி மக்கள் விடாமல் கூட்டங்களுக்குப் போய்ப் பேசினார்கள். 2019-இல் கவுன்டி மன்றம் முன்னுரிமை முறையை மாற்றியது. வறுமை, வாகனம் இல்லாமை, சிறுபான்மையினர், மாற்றுத்திறனாளிகள் போன்றவற்றை வைத்து ஒரு பகுதியின் நலிவை அளக்கும் குறியீட்டையும் சேர்த்துக்கொண்டது.

அடுத்த அடி மாநிலத்திடமிருந்து வந்தது. ஹார்விக்குப் பிந்தைய வெள்ளத் தடுப்புக்கு மத்திய அரசு கொடுத்த பணத்தில் சுமார் 100 கோடி டாலரை 2021-இல் டெக்சாஸ் மாநில நில அலுவலகம் பிரித்துக் கொடுத்தது. ஹூஸ்டனுக்கும் ஹாரிஸ் கவுன்டிக்கும் கிடைத்தது பூஜ்யம். எப்படி? மதிப்பெண் போட்ட முறையில் ஒரு கட்டம்: விண்ணப்பித்த ஊரின் மொத்த மக்களில் எத்தனை சதவீதம் பேர் பயனடைவார்கள்? 1,000 பேர் உள்ள சிற்றூரில் 900 பேருக்குப் பயன் என்றால் 90 சதவீதம். 47 லட்சம் பேர் உள்ள கவுன்டியில் ஒரு லட்சம் பேருக்குப் பயன் என்றாலும் இரண்டு சதவீதம்தான். கறுப்பின மக்களும் லத்தீன் மக்களும் பெரிய நகரத்தில் குவிந்திருக்கிறார்கள். எனவே அவர்கள் தோற்பது ஓட்டப்பந்தயம் தொடங்கும் முன்பே முடிவாகிவிட்டது.

மக்கள் அமைப்புகள் புகார் கொடுத்தன. 2022 மார்ச்சில் மத்திய வீட்டுவசதித் துறை விசாரித்து, அந்த முறை இனப் பாகுபாடு காட்டியது என்று முடிவு சொன்னது. மாநில அலுவலகம் ஒப்புக்கொள்ளவில்லை, இழுபறி தொடர்ந்தது. ஆனால் அந்த முடிவின் சாரத்தை நாம் மனதில் எழுதிக்கொள்ள வேண்டும். யாரும் வெறுப்போடு ஒரு சொல் சொல்லாமலே, ஒரு சூத்திரத்தால் பாகுபாடு காட்ட முடியும். அதை அரசாங்கமே பாகுபாடு என்று பெயர் சொல்லி அழைக்கவும் முடியும்.

இனி நம் பக்கம் வருவோம். சுனாமி நடந்து ஓராண்டுக்குள், 2005 டிசம்பரில் பேரிடர் மேலாண்மைச் சட்டம் வந்தது. பிரிவு 25-இன்படி மாவட்டந்தோறும் ஓர் ஆணையம். கலெக்டர் தலைவர். தேர்ந்தெடுக்கப்பட்ட மாவட்ட உள்ளாட்சிப் பிரதிநிதி இணைத் தலைவர். எஸ்.பி., மாவட்டத் தலைமை மருத்துவ அதிகாரி, இன்னும் சில அதிகாரிகள் உறுப்பினர்கள். அந்த மேசையில் ஓட்டு வாங்கி வந்தவர் ஒரே ஒருவர். பாதிக்கப்படும் மக்களுக்கென்று நாற்காலி இல்லை. பிரிவு 31 மாவட்டத் திட்டம் ஒன்று வேண்டும், எளிதில் பாதிக்கப்படும் பகுதிகள் அதில் இருக்க வேண்டும், ஆண்டுதோறும் அதைத் திருத்த வேண்டும் என்கிறது.

பிரிவு 61 நமக்கான ஆயுதம். இழப்பீடும் நிவாரணமும் வழங்கும்போது பாலினம், சாதி, சமூகம், வம்சாவழி, மதம் அடிப்படையில் பாகுபாடு கூடாது. சாதி என்ற சொல் சட்டத்திலேயே இருக்கிறது. ஆனால் கவனியுங்கள், அது இழப்பீட்டையும் நிவாரணத்தையும்தான் பேசுகிறது. எச்சரிக்கை யாருக்கு முதலில் போகிறது, கரை எங்கே உயர்த்தப்படுகிறது, முகாம் எந்தத் தெருவில் இருக்கிறது என்பதைப் பேசவில்லை.

கணக்குக் கட்டங்களும் அப்படியே இருக்கின்றன. மத்திய அரசின் 2022–26 காலத்துக்கான நிவாரண விதிமுறையைப் பாருங்கள். சமவெளியில் முழுதாக இடிந்த வீட்டுக்கு 1,20,000 ரூபாய். குடிசை என்று எழுதிவிட்டால் 8,000 ரூபாய். பாசன வசதியுள்ள பயிர் அழிந்தால் எக்டேருக்கு 17,000 ரூபாய், நிலத்தில் சாகுபடி செய்தவருக்கு. அந்த வயலில் அறுக்கப் போனவருக்கு? ஹூஸ்டனின் சொத்து மதிப்புக் கணக்குக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? யாரிடம் நிலம் இருக்கிறது, யார் குடிசையில் இருக்கிறார் என்பது இந்த நாட்டில் தற்செயலாக நடந்ததா? தாழ்ந்த இடத்தில், ஓடைக்கரையில், ஏரி உள்வாயில் நம் குடியிருப்பு இருப்பது நாம் விரும்பிப் போனதாலா? சாதியின் பழைய வேலையை இன்று ஒரு அட்டவணை செய்து முடிக்கிறது.

ஆனால் அதே விதிமுறையில் இன்னொரு வரியும் இருக்கிறது. வாழ்வாதாரம் கடுமையாகப் பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்கும் நிவாரணம் தரலாம் என்கிற வரி. "பொழப்புதான் போச்சுங்க" என்ற எங்கள் பெரியவருக்கான கட்டம் இன்று காகிதத்தில் உண்டு. அதைக் கேட்கத் தெரிந்தவர் நம் தெருவில் இருக்கிறாரா என்பதுதான் கேள்வி.

அதனால் மாணவர்களிடம் நான் கேட்பது கோஷம் அல்ல, கொஞ்சம் பொறுமையான வேலை. உங்கள் மாவட்டப் பேரிடர் மேலாண்மைத் திட்டத்தை மாவட்ட இணையதளத்தில் தேடி எடுங்கள். கிடைக்காவிட்டால் தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுங்கள். பாதிக்கப்படும் பகுதிகளின் பட்டியலில் உங்கள் காலனியின் பெயர் தனியாக இருக்கிறதா, அல்லது ஊரின் பெயருக்குள் காணாமல் போயிருக்கிறதா என்று பாருங்கள். நிவாரண முகாம் எங்கே, அங்கே போகும் வழி எந்தத் தெரு வழியாகப் போகிறது, இரவில் மார்பளவு தண்ணீரில் நம் பெண்கள் அந்த வழியில் தயங்காமல் போவார்களா என்று நடந்து பாருங்கள். மழைக்கு முன்பே ஒவ்வொரு வீட்டையும் தேதியோடு படம் எடுத்து வையுங்கள். ஓட்டு வீடு குடிசையாக எழுதப்படும்போது அதுதான் சாட்சி. துப்புரவுத் தொழிலாளர்களை வெள்ளத்துக்குப் பிறகு கூட்டிப் போகும்போது காலணியும் கையுறையும் தங்குமிடமும் கூடுதல் கூலியும் யார் பொறுப்பு என்று எழுத்தில் கேளுங்கள்.

ஆகஸ்ட் 15 கிராம சபை வடகிழக்குப் பருவமழைக்கு இரண்டு மாதம் முன்பு வருகிறது. கணக்கெடுப்புப் பட்டியலை நம் தெருவிலும் ஒட்ட வேண்டும், வாழ்வாதாரம் இழந்தவர்களைத் தனியாகக் கணக்கெடுக்க வேண்டும் என்று அங்கே தீர்மானம் கொண்டு வாருங்கள். ஏற்க மறுத்தால் அந்த மறுப்பையும் எழுத்தில் வாங்குங்கள், மாவட்ட ஆணையத்துக்குப் பிரிவு 61-ஐக் குறிப்பிட்டு அனுப்புங்கள். ஹாரிஸ் கவுன்டி மக்கள் ஜெயித்த கொஞ்சமும் ஒரே நாளில் வந்ததில்லை. வெயில் காலத்திலேயே கூட்டத்துக்குப் போனார்கள், கணக்கைப் படித்தார்கள், எந்த வரி தங்களை வெளியே தள்ளுகிறது என்று விரல் வைத்துக் காட்டினார்கள்.

தண்ணீர் வந்த பிறகு நாம் கேட்பது நிவாரணம். வருவதற்கு முன்பு கேட்டால் அது உரிமை. இந்த வருட மழைக்கு இன்னும் நாள் இருக்கிறது.

ஜெய் பீம்.