கொம்பனின் பக்கம்

சென்ற மாசியில், காய்ச்சலோடு படுத்திருந்த பேத்தியின் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு ஜப்பானியக் கார்ட்டூன் படத்தை முழுக்கப் பார்த்தேன். ஒரு குட்டி ராஜ்யம். வரைபடத்தில் விரலை வைத்தால் மறைந்துவிடும். அதற்கு மூன்று ராஜகுமாரிகள். எதிரி வந்தால் மூவரும் ஆளுக்கொரு ராட்சஸ ரோபோவுக்குள் ஏறிக்கொண்டு சண்டைக்குப் போகிறார்கள். ஒருத்திக்குத் திசை தெரியாது. இன்னொருத்தி பசி எடுத்தால் பாதிச் சண்டையில் திரும்பிவிடுவாள். கோபுர உயரமுள்ள ரோபோ கால் இடறித் தன் அரண்மனை மதிலையே இடித்துவிடுகிறது. குழந்தை சிரித்தாள். நானும் சிரித்தேன்.

இதைப் பற்றி எழுத என்ன இருக்கிறது என்று கேட்டால் அது நியாயமான கேள்விதான். ஜனரஞ்சகச் சரக்கைக் கண்டு முகம் சுளிப்பது நம்மில் பலருக்குப் பழக்கம்; எனக்கும் உண்டு. ஆனால் சிரித்து முடித்த கையோடு ஒரு சங்கடம் வந்து உட்கார்ந்துகொண்டது. சுமார் ஐம்பது வருஷங்களுக்கு முன்பு, இதே மண்ணரையில், ஒரு ராஜகுமாரியின் ராட்சஸக் காவலாளியைப் பார்த்து நான் வேறு மாதிரி சிரித்திருக்கிறேன். இரண்டு சிரிப்பும் ஒன்றல்ல. வித்தியாசம் எங்கே என்பதுதான் என் பிரச்னை.

ஜப்பானில் இந்த ரோபோக்களுக்கு ஒரு வம்சாவளி உண்டு. 1956இல் யோகோயாமா மித்சுதேரு வரைய ஆரம்பித்த ‘தெத்சுஜின் 28’ யுத்தத்துக்காகச் செய்யப்பட்ட இரும்பு மனிதன். ஒரு சிறுவன் வெளியே நின்று, கையிலுள்ள பெட்டியின் விசைகளால் அதை இயக்குகிறான். பெட்டி எவன் கைக்குப் போகிறதோ அவன் பக்கம் ரோபோவும் போய்விடும். 1972இல் நாகாய் கோ, ‘மாஜிங்கர் இஸட்’டில், ஓட்டுபவனை ரோபோவின் தலைக்குள்ளேயே உட்கார வைத்தார். எவ்வளவு பெரிய மாற்றம் இது என்று யோசிக்க வேண்டும். வெளியே நிற்கிறவனுக்கு ரோபோ ஓர் ஆயுதம். உள்ளே இருப்பவனுக்கு அதுவே உடம்பு. கால் இடறினால் இடறியது இவன் கால். ஹாஸ்யத்துக்கு இடம் பிறந்ததும் இங்கேதான் என்று எனக்குப் படுகிறது. ஆயுதத்தைப் பார்த்து யாரும் சிரிப்பதில்லை. தடுக்கி விழும் உடம்பைப் பார்த்துச் சிரிக்கிறோம். சிரித்துக்கொண்டே அதன் பக்கம் நிற்கவும் செய்கிறோம்.

ராஜகுமாரிக்கும் வம்சாவளி உண்டு. தெஸுகா ஒஸாமு 1953இல் தொடங்கிய ‘ரிப்பன் நோ கிஷி’ சித்திரத் தொடரில், பெண்ணுக்குப் பட்டம் கிடையாது என்பதால் ஸஃபையர் என்ற ராஜகுமாரி ஆண் வேஷத்தில் வளர்கிறாள். மதுரைத் தடாதகை இவளுக்கு மூத்தவள். அவளையும் ஆண் பிள்ளையைப் போலவே வளர்த்துப் பட்டம் கட்டினார்கள்; ஆனால் அவள் பெண் என்பதை யாரும் மறைக்கவில்லை. திக்விஜயம் புறப்பட்டாள். கைலாயத்தில் சிவனைக் கண்டதும் யுத்தம் கல்யாணமாக முடிந்தது. புராணம் அவளுக்கு ஜெயத்தைக் கொடுத்தது, சிரிப்பைக் கொடுக்கவில்லை. நம் ராணிகளுக்குத் தடுக்கி விழ அனுமதி இல்லை.

நான் சிரித்த கதை மதுரைக் கதை அல்ல, எங்கள் கொங்குக் கதை. அண்ணன்மார் கதையை எங்கள் கோயில் திடலில் உடுக்கடிப் பாட்டுக்காரர் இரவு இரவாகப் பாடுவார். பொன்னர், சங்கர், தங்கை அருக்காணித் தங்காள்; அவர்கள் ஏர் பூட்டி ஆண்ட பொன்னிவள நாடு. எல்லைக்கு அந்தப் பக்கம் காடு, வேட்டுவர், அவர்களுடைய ராஜகுமாரி வீரத்தங்காள். தங்காள் ஆசைப்பட்டாள் என்று சங்கர் அந்தக் காட்டின் கிளி ஜோடியில் ஒன்றைப் பிடித்துப் போகிறான். துணைக் கிளி பறந்துபோய் வீரத்தங்காளிடம் அழுகிறது. அவள் வளர்த்த கொம்பன் என்ற மலை போன்ற பன்றி வந்து பொன்னிவள நாட்டு வயலையும் கரையையும் உழுது போடுகிறது. அண்ணன்மார் படையோடு கிளம்பும்போது பொன்னாச்சி என்ற குட்டி நாயை விட்டுவிட்டுப் போகிறார்கள். அதற்கு ரோஷம் வந்து சாபமிட, படை முழுக்க நோயில் விழுகிறது. அப்புறம் மரியாதையாக அழைத்து வருகிறார்கள். நாய் கொம்பனின் பின்பக்கம் போய், கடிக்கக் கூடாத இடத்தில் கடிக்கிறது. பிறகு சங்கரின் ஈட்டி.

அந்த இடத்தில் பாட்டுக்காரர் பன்றியாகவே கதறுவார். உடுக்கையும் கூடச் சேர்ந்து கதறும். பின்பாட்டுக்காரர் “எங்கீங்க கடிச்சுது?” என்று தெரியாதவர் போலக் கேட்பார். திடல் உருண்டு சிரிக்கும். எனக்குப் பத்து, பன்னிரண்டு வயது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். என் அக்கா சிரிக்கவில்லை. சாக்கை உதறிச் சுருட்டிக்கொண்டு எழுந்துவிட்டாள். வழியில், “வளத்தவ என்ன பண்ணுவா, பாவம்” என்றாள். அந்த வருஷம்தான் அவள் வளர்த்த வெள்ளாட்டைச் சந்தையில் விற்று எனக்குப் பள்ளிக்கூடச் செலவு பார்த்தார்கள். அவளைப் பனியன் கம்பெனிக்கு அனுப்பினார்கள்.

முதலில் கைமடி. பிறகு செக்கிங். பிறகு ஓவர்லாக் மிஷின். சீசனில் ஒன்றரை ஷிப்டு. ஒரு நாள் ஊசி ஆள்காட்டி விரலின் நகத்தைத் துளைத்து மறுபக்கம் வந்துவிட்டது. அன்று ராத்திரி கட்டுப் போட்ட விரலை ஆட்டிக்கொண்டு அவள் அந்தக் கதையைச் சொன்னாள்: “என்னையும் ஒரு பீஸுன்னு நெனச்சு ஓட்டிருச்சு. நூலறுத்து உட்டிருந்தாங்கன்னா பண்டல்ல போயிருப்பேன்.” அம்மா சிரித்து, பிறகு அழுதாள். அந்த ஜப்பானிய ராஜகுமாரிகள் தடுக்கி விழுவதைப் பார்த்தபோது எனக்கு ஞாபகம் வந்தது இந்தக் குரல்தான். அடிபட்டவளே தன் அடியைச் சிரிப்பாக்கும்போது, கேட்கிறவனுக்கு அவள் பக்கத்தைத் தவிர நிற்க இடமில்லை.

ஆனாலும் ஒப்புமையை அதற்கு மேல் இழுக்க முடியாது. அக்கா 1972ஆம் வருஷத்து ஆளைப் போல இயந்திரத்தோடு ஒன்றாகிப் போனவள்; பெட்டியோ 1956இல் இருந்ததைப் போல வெளியே, இன்னொருவர் கையில் இருந்தது. அவள் காத்த ராஜ்யம் எது? என் படிப்பு அதில் ஒரு மூலை. இந்தக் கட்டுரையும் அந்தச் சம்பளத்தின் மிச்சம்தான். இதைச் சொல்லாமல் சிரிப்பைப் பற்றித் தத்துவம் பேசுவது எனக்கு அயோக்கியத்தனமாகப் படுகிறது.

அண்ணன்மார் கதையை 1965இல் காங்கயம் பக்கம் ஓலப்பாளையத்தில் பிரெண்டா பெக் என்ற மானிடவியலாளர் ஒலிப்பதிவு செய்தார். 1982இல் அதைப் பற்றிப் புத்தகம் எழுதினார். வெகுகாலம் கழித்துக் கனடாவிலிருந்து அதையே 26 பகுதிகள் கொண்ட அனிமேஷன் தொடராகவும் கொண்டுவந்தார். பேத்திக்குக் காய்ச்சல் விட்டதும் அதில் கொம்பன் வருகிற இடத்தைக் காட்டினேன். அவள் சிரிப்பாள் என்று அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

“அப்புச்சி, அந்தப் பன்னி யாருதுங்க?”

“வீரத்தங்காளுது, கண்ணு.”

“அவளும் ராஜகுமாரிதானுங்களே?”

“ஆமாஞ் சாமி.”

“அப்ப யாரோட ஊருங்க சின்ன ஊரு?”

நான் பதில் சொல்லவில்லை. கதை முழுவதும் உழவர் பக்கத்திலிருந்து பாடப்படுவதால், பொன்னிவள நாடே சின்னது, காடு பெரியது என்று நான் எடுத்துக்கொண்டிருந்தேன். காட்டைத் திருத்தி வயலாக்கிக்கொண்டே வருகிறவர்களுக்கு எதிரில், ஒரு கிளியையும் இழக்கச் சம்மதிக்காதவளின் ராஜ்யம்தான் நாளுக்கு நாள் சுருங்கிக்கொண்டிருந்தது. ரோபோ இல்லாத குறைக்கு அவளுக்கு ஒரு பன்றி. அதன் மரணத்தை ஹாஸ்யமாக்கிய பிறகு அவளுக்காகத் துக்கப்பட யாருக்கும் நேரமில்லை. நான் கேட்ட இரவுகளில் பாட்டு நேரே படுகளத்துக்குப் போய்விடும். அங்கே அண்ணன்மாருக்காக எல்லோரும் அழுவோம். யாருக்காகச் சிரிப்பது, யாருக்காக அழுவது என்பதைக் கதை முன்கூட்டியே பங்கு பிரித்து வைத்துவிடுகிறது. நாடு பிடிப்பது இதற்குப் பிறகு வருகிற காரியம்தான்.

கொம்பனிடமிருந்து நாங்கள் காப்பாற்றிய வயல்கள் என்ன ஆயின என்பதும் கதையின் மிச்சம். நொய்யல் எங்கள் ஊர் வழியாகச் சாயத் தண்ணீராக ஓடியது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொல்ல வேண்டியிருந்தது. அதை எந்தப் பன்றியும் செய்யவில்லை.

மறுநாள் பேத்தி ஒரு படம் வரைந்தாள். இரும்புத் தகடுகள் ஒட்டிய கொம்பன். நெற்றியில் ஒரு ஜன்னல். உள்ளே ரெட்டைச் சடையோடு ஒரு பெண். அடுத்த வீதியிலிருக்கும் அக்காவிடம் அதைக் கொண்டுபோனோம். அவள் கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு வெகு நேரம் பார்த்தாள். நகம் சரியாக வளராத விரலால் பன்றியின் வயிற்றையும் காலையும் தடவினாள்.

“சுவிட்சு எங்க வெச்சிருக்கறே?”

“உள்ளதானுங்க அம்முச்சி. அவ பக்கத்துலயே.”